டிஸ்க்கை வாங்க மறுக்கும் கணினி சிடி/டிவிடி டிரைவ்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அல்சூர் வாசகி:
தட்டு நீளும் ரகம் இல்லை, பிளவு மட்டும் உள்ள டிரைவ். அப்பாவின் அறுபதாம் கல்யாண டிஸ்க்கைப் பாதி இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்கிறது திரை. டிரைவோ வயிறு நிறைந்ததுபோல் அடம்பிடிக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஏறிய கடையெல்லாம் "புதிது போடுங்கள்" என்றார்கள். மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருந்த ஒரு பையன்தான் அதைக் கழற்றி, டார்ச் அடித்து, ரப்பர் உருளையை விரலால் மெல்லச் சுற்றினான். இடுக்கியில் சுருண்டு வந்தது, ஸ்டூடியோக்காரர் டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொடுத்த லேபிளின் ஒரு துண்டு. டிரைவின் சூட்டில் பசை இளகிக் கிழிந்திருக்கிறது. அதில் அம்மாவின் முகம் பாதிதான் இருந்தது. மாலை மட்டும் முழுசாக. சுழலுகிற பொருளின் மேல் காகிதத்தை ஒட்டலாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜாலஹள்ளி வாசகர்:
எல்லாவற்றுக்கும் லேபிளைக் குறை சொல்ல முடியாதம்மா. எங்கள் வீட்டு டிரைவ் காலியாக இருந்தால் திறக்கும். டிஸ்க் வைத்தால் முனகிவிட்டு நின்றுவிடும். தட்டை நகர்த்தும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. டிஸ்க்கை மேலிருந்து காந்தம் கவ்விக்கொள்கிறது, தளர்ந்த பெல்ட்டுக்கு அதை விடுவிக்கும் வலு இல்லை. யாராக இருந்தாலும் முதலில் கணினியை அணையுங்கள். முன்பக்க ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்தினால் தட்டு வரும். பெல்ட்டை வெந்நீரில் போட்டெடுத்தால் கொஞ்ச காலம் இறுகி நிற்கும். பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும். பிளவு ரகத்தில் 8 செ.மீ. சிறிய டிஸ்க்கை விடவே விடாதீர்கள், அது 12 செ.மீ. வட்டத்துக்கானது. பழைய ஆப்பிள் மேக் கணினி என்றால், இயக்கும்போதே மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பதைத் துப்பிவிடும்.

பானஸ்வாடி வாசகர்:
ஐயா, உருளையில் காகிதம் சிக்கியதற்குப் பெல்ட் வைத்தியம் எதற்கு? இப்படித்தான் என்னிடமும் பெல்ட் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். என் டிரைவ் சிடியைப் படிக்கும், டிவிடியை மட்டும் ஏற்காது. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். மூடியைக் கழற்றிக் காட்டியும் அந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

அல்சூர்ச் சகோதரிக்கு ஒன்று: மிச்ச லேபிளைப் பிய்க்காதீர்கள். டிவிடியில் தகவல் படலம் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். சிடியில் அது லேபிள் பக்கத்திலேயே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பிய்த்தால் படமும் சேர்ந்து உரிந்துவரும். தட்டு ரக டிரைவில் வைத்து உடனே நகல் எடுங்கள்.

அல்சூர் வாசகி:
அது விசிடிதான், வீடியோ பதிந்த சிடி. நகல் எடுத்தாயிற்று, மாலை மாற்றும் இடத்தில் மட்டும் படம் உறைந்து நிற்கிறது. உரிந்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருபவர் பெங்களூரில் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.