ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய பிக்கப்: சூடு ஆறுவதற்குள் பாருங்கள்

பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி ஓட்டத்திலேயே ஆஃப் ஆகி, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது அதில் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. நின்ற முதல் பத்து நிமிடத்தில்தான் கோளாறு கண்ணுக்குத் தெரியும். ஸ்பார்க் டெஸ்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஃப்யூயல் பிரஷர் கேஜ் நான்கும் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கட்டும்.

எப்படி நின்றது என்பதே பாதி விடை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். திணறி, ஜெர்க் அடித்து, ஆக்சிலரேட்டர் மிதித்தும் இழுக்காமல் நின்றால் பெட்ரோல் பக்கம். கியரில் உருளும் வண்டியில் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றுகிறது, காயிலுக்கு (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தரும் சுருள்) சிக்னல்தான் போகவில்லை. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்வது), டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) இருக்கும் பிக்கப் காயில் (அதன் சுழற்சியை உணரும் சிறு சுருள்), இக்னிஷன் மாட்யூல் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் எலெக்ட்ரானிக் பாகம்), தேய்ந்த சாவி சுவிட்ச் என்ற வரிசையில் தேடலாம்.

ஓரங்கட்டியதும் ஒரு பிளக் வயரில் டெஸ்டரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் இல்லையா? சாவி ஆனில் காயிலின் பிளஸ்ஸில் லேம்ப் எரிய வேண்டும். எரிந்தால் லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையைக் காயில் மைனஸில் வைத்து மறுபடி செல்ஃப். விட்டு விட்டு மின்னினால் மாட்யூல் வேலை செய்கிறது, காயிலைப் பாருங்கள். மின்னவே இல்லையென்றால் மாட்யூல் அல்லது சென்சார். புது மாட்யூல் போடும்போது அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவாமல் விட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

—

ஸ்பார்க் நல்லா இருந்தா முதல்ல டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்தா வென்ட் (டேங்குக்குள்ள காத்து போற துளை) அடைச்சிருக்கு. டேங்குக்குள்ள வெற்றிடம் ஏற ஏற பம்பால இழுக்க முடியாம நிக்கும், திறந்ததும் ஓடும். காத்து வெளிய வந்தா அது கோளாறு இல்ல.

அடுத்து பெட்ரோல் பிரஷர். கார்புரேட்டர் வண்டியோட மெக்கானிக்கல் பம்புக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு). திராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன்ல (கார்புரேட்டர் இடத்துல இருந்து பெட்ரோல் தெளிக்கிறது) பொதுவா 9 முதல் 13. மல்டிபாயின்ட்னா (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) 35ல இருந்து 60 வரை, மாடலுக்கு ஏத்தபடி. ஐடிலிங்ல சரியாக் காட்டிட்டு லோடு ஏறும்போது இறங்குதுன்னா ஃபில்டர், இல்ல டேங்குக்குள்ள இருக்கிற வலை. துருத்தூள் இழுவைல வலையோட ஒட்டிக்கும், இன்ஜின் நின்னதும் உதிர்ந்து அடியில படியும், வண்டி மறுபடி ஓடும். இதைப் பார்த்துத்தான் நல்ல பம்பையும் மாத்திடுறாங்க. பழைய ஃபில்டரை டேங்க் பக்கத்து வாயால ஒரு வெள்ளைத் துணில கவிழ்த்துப் பாருங்க. செங்கல்பொடி மாதிரி கொட்டினா டேங்கைக் கழட்டிக் கழுவாம பம்பு மாத்துறது வீண்.

எலெக்ட்ரிக் பம்பை மாத்துறதுக்கு முன்னாடி, அது ஓடும்போதே சாக்கெட்ல வோல்ட் எடுங்க. பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா வயர், ரிலே, எர்த். சேஸிஸ்ல துருப்பிடிச்ச எர்த் போல்ட்டைச் சுரண்டினாலே பல வண்டி சரியாயிடும்.

—

பிரேக் போட்டு நிற்க வரும்போது மட்டும் ஆஃப் ஆவது தனி ரகம். ஐடில் வால்வில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது காற்று விடும் வால்வு) கரி, மூடாமல் திறந்தே நிற்கும் இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குள் திருப்பி விடுவது), கிழிந்த வேக்யூம் ஹோஸ் இவற்றைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் லாக்கப் சாலினாய்டும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் மின் வால்வு) உண்டு. அதன் கனெக்டரைக் கழற்றி ஓட்டிப்பார்த்து, நிற்பது போனால் அதுதான்.

டீசல் வண்டியில் பம்புக்கு முன்னால் ஒரு சாண் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது குமிழி விடாமல் வந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது. குமிழியே இல்லையென்றால் ஸ்டாப் சாலினாய்டு (டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் மின் வால்வு) வயரை ஆட்டிப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஓட்டத்தில் ஆஃப் ஆனதும் ஸ்டியரிங் கனமாகும், பிரேக் பூஸ்டரில் (பிரேக்கை இலேசாக்கும் பாகம்) ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்யூம் இருக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை லாக் பக்கம் திருப்பவே கூடாது.