ஒபாமா – மெக்கெய்ன் கொள்கைகளை ஒப்பிட உதவி வேண்டும்

நண்பர்களே, 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவும் மெக்கெய்னும் முன்வைத்த கொள்கைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஈராக் பகுதி சுலபம்: 16 மாதத்தில் போர்ப்படைகளைத் திரும்பப் பெறுவேன் என்றார் ஒபாமா, கெடு வைக்கவே கூடாது என்றார் மெக்கெய்ன்.

மருத்துவக் காப்பீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். வேலை செய்யும் நிறுவனம் தரும் காப்பீட்டுக்கு இருந்த வருமான வரி விலக்கை எடுத்துவிட்டு, குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிச்சலுகை தருவது மெக்கெய்ன் திட்டம். ஒபாமாவோ குழந்தைகளுக்குக் காப்பீடு கட்டாயம், பெரியவர்களுக்கு இல்லை என்றார். (2010இல் அவரே கையெழுத்திட்ட சட்டம் பெரியவர்களுக்கும் கட்டாயமாக்கியது, அது தனிக்கதை.) ஒன்று வரி பற்றியது, இன்னொன்று கட்டாயம் பற்றியது. இரண்டையும் எந்த அளவுகோலில் வைப்பது? ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்து, இரு திட்டத்திலும் அதன் கைச்செலவைக் கணக்கிட்டால் சரியாக வருமா?

அப்புறம் பருவநிலை. கார்பன் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைப்பதை இருவருமே ஆதரித்தார்கள். 2050க்குள் 1990ஆம் ஆண்டு அளவைவிட 80 சதவீதம் குறைப்போம் என்றார் ஒபாமா, 60 சதவீதம் என்றார் மெக்கெய்ன். இதை ஒற்றுமை என்று எழுதத்தான் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். இரு பிரச்சாரக் குழுக்களும் அப்போது வெளியிட்ட மூல ஆவணங்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.