ஏர்மா பொம்பெக் பற்றி ஒரு பக்கம்: என்ன எழுதலாம், எப்பிடி எழுதலாம்?

நெடுங்கேணி வாசகி:
எங்கட சனசமூக நிலையச் சஞ்சிகையில அமெரிக்க நகைச்சுவைப் பத்தியாளர் ஏர்மா பொம்பெக் பற்றி எழுத இருக்கிறம். பிறகு அந்தப் பாணியில எங்கட பெண்களே ஒரு பகிடிப் பத்தி தொடருறதாத் திட்டம். வாழ்க்கை விபரம் பிழையில்லாமல் வேணும். அவ பத்தியை எப்பிடி அமைக்கிறவ எண்டும் சொல்லுங்கோ.

கனகராயன்:
1927 இல ஒகையோ மாநிலத்தில பிறந்தவ, 1949 இல டேட்டன் பல்கலைக்கழகப் பட்டம். பத்திரிகை வேலையை விட்டு மூண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவ, 1964 இல உள்ளூர்ப் பத்திரிகை ஒண்டில பத்திக்கு 3 டொலர் எண்டு திரும்பத் தொடங்கினா. அடுத்த வருசம் டேட்டன் ஜேர்னல் ஹெரால்டில கிழமைக்கு இரண்டு பத்தி, ஒவ்வொண்டும் 450 சொல், 50 டொலர். மூண்டு கிழமையில சிண்டிகேட் ஒண்டு எடுத்துது. ஒரே பத்தியைக் கன பத்திரிகைகளுக்கு விக்கிற முகவர்தான் சிண்டிகேட். 36 பத்திரிகையில தொடங்கி 900 வரை போனது.

சமையலறைப் பகிடிக்காரி எண்டு மட்டும் எழுதிப்போட்டு விடாதேங்கோ. அமெரிக்க அரசியலமைப்பில பெண்களுக்கான சம உரிமைத் திருத்தம் கொண்டுவர வேணுமெண்டு ஊரூராப் போய்ப் பேசினவ. திருத்தம் 1982 இல தோத்துப்போச்சு.

1996 ஏப்ரலில சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தவ. வவுனியாப் பக்கம் சனம் அறிஞ்ச சிறுநீரக நோயோட இதைக் குழப்பாதேங்கோ. அவவுக்கு இருந்தது சிறுநீரகத்தில பரம்பரையா வாற நீர்க்கட்டி நோய்.

முறிகண்டியான்:
பத்திக்கு வாறன். பகிடியின்ர அடி, எழுதுறவவுக்கே விழவேணும், மாமிக்கோ பக்கத்து வீட்டுக்கோ இல்லை. சின்ன ஊரில ஆளை உடன கண்டுபிடிச்சிடுவினம், அடுத்த இதழுக்கு எழுத ஆள் வராது.

விசயத்தைச் சின்னனா எடுங்கோ. "குரங்குத் தொல்லை" எண்டால் அது முறைப்பாட்டுக் கடிதம். குரங்குக்குப் பயந்து கொய்யாக்காய்க்குச் சொப்பிங் பை கட்டுறம், குரங்கு காயைப் பையோடயே கொண்டுபோகுது. நாங்கள் பொதி பண்ணிக் குடுத்த மாதிரி. ஒரு பத்திக்கு அது காணும். அதுக்குள்ள யானை வேலியையும் கரண்ட் பில்லையும் கொண்டுவந்தால் ஒண்டும் நிக்காது.

450 ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில ஏறக்குறைய 300 போதும். ஏ4 தாளை மடிச்ச சஞ்சிகையில 11 புள்ளி எழுத்தெண்டால் பக்கத்துக்கு 200 அளவுதான் கொள்ளும். அதால எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஒதுக்குங்கோ. சிரிப்பு வாற வசனத்துக்குப் பிறகு விளக்கம் இருந்தால் வெட்டுங்கோ. பெரும்பாலும் கடைசிப் பந்தி முழுக்கப் போகும், போகட்டும்.

நெடுங்கேணி வாசகி:
அவவின்ர பத்தி ஒண்டை மொழிபெயர்த்தும் போடலாமோ? "என் வாழ்க்கையைத் திரும்ப வாழக் கிடைத்தால்" எண்டது எல்லா இடமும் சுத்துது. சாகக் கிடக்கேக்க எழுதினதாம்.

கனகராயன்:
அது 1979 இல வந்த பத்தி. புற்றுநோயில சாகேக்க எழுதினது எண்ட முன்னுரை பிறகு ஆரோ ஒட்டினது, அதைப் போடாதேங்கோ. முழுப் பத்தியை மொழிபெயர்க்க உரிமைக்காரரிட்ட அனுமதி வேணும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில பதிப்புரிமை எழுதினவர் இறந்து 70 வருசத்துக்கு இருக்கு. ஒண்டு ரெண்டு வசனத்தை, எடுத்த இடத்தையும் அவவின்ர பேரையும் போட்டு மேற்கோளாப் பாவிக்கலாம்.