சிங்கிடா பக்கம் ஒரு கிராமத்துக்கு உதவ நினைக்கிறோம், எதில் தொடங்குவது?

தார்சலாம்_கணக்கன்:
எல்லோருக்கும் வணக்கம். தார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் டிரைவருக்குச் சொந்த ஊர் தான்சானியாவின் நடுப்பகுதியில், சிங்கிடா டவுனைத் தாண்டி உள்ளே. அவருடைய அம்மா காரியத்துக்கு நாங்கள் நாலு பேர் போய்வந்தோம். பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தரையில்தான். ஆஸ்பத்திரி கட்டுகிறோம் என்று நாலு சுவர் நிற்கிறது. கூரை இல்லை, உள்ளே ஆடு மேய்கிறது. வாலிபப் பையன்கள் வேலை இல்லாமல் மரத்தடியில் பைக் டாக்சியை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் 10 லட்சம் ஷில்லிங் போடலாம் என்று பேசியிருக்கிறோம். இரண்டு மூன்று வருடம் கொடுக்க முடியும். ஒருவர் கம்ப்யூட்டர் அறை என்கிறார், இன்னொருவர் ஊரிலிருந்து பழைய துணி வரவழைக்கலாம் என்கிறார், நான் தையல் பயிற்சி நிலையம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வெட்டிவேர்:
நம்ம ஊரில் ஏழைகளே இல்லையா சார்?

செக்கடியான்:
வெட்டிவேர் தம்பி, சோறு போடுகிற ஊருக்குச் செய்வதில் என்ன குறை? அதை விடுங்கள்.

கணக்கன் சார், நான் சிங்கிடாவிலேயே ஒரு சூரியகாந்தி எண்ணெய் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பழைய துணியை முதலில் மறந்துவிடுங்கள். வாரச்சந்தைக்கு மிடும்பா என்று வெள்ளைக்காரர் உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக வருகிறது. கப்பல் கூலி கட்டி நாமும் அதில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா? தையல் நிலையத்துக்கும் அதுதான் எமன். மிடும்பா விலைக்குச் சட்டை தைத்து விற்க யாராலும் ஆகாது. பள்ளிச் சீருடை மட்டும்தான் உள்ளூர்த் தையல்காரரை வாழவைக்கிறது. அந்த ஊரில் ஏற்கெனவே மிஷின் வைத்திருக்கிறவர்களிடம் நவம்பரிலேயே சீருடைக்கு மொத்த ஆர்டர் கொடுங்கள். பிள்ளைக்கும் துணி, அவர்களுக்கும் பிழைப்பு.

நவம்பர் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். 2016 ஜனவரியிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. ஆனால் சீருடை, நோட்டு, ஷூ, விடுதியில் தங்கினால் மெத்தை, சாப்பாட்டுக்கு மக்காச்சோளம் எல்லாம் பெற்றவர் தலையில்தான். பள்ளிக்கூடம் திறப்பது ஜனவரியில். இங்கே மழை ஒரே பருவம், நவம்பர் டிசம்பரில் தொடங்கும், அறுவடை மே ஜூனில். ஜனவரியில் பத்தாயம் வழித்துத் துடைத்துக் கிடக்கும். செலவும் பஞ்சமும் ஒரே மாதத்தில் வந்து உட்காருவதால் பாஸ் ஆன பிள்ளைகூட வீட்டோடு நின்றுவிடுகிறது. ஜூனில் நீங்கள் கொடுக்கும் லட்சத்தைவிட டிசம்பரில் கொடுக்கும் அரை லட்சம் பெரிது. மாதாமாதம் பிரித்து அனுப்பாதீர்கள்.

கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம். அங்கே படிப்பு முட்டிக்கொள்ளும் இடம் வேறு. வீட்டில் பேசுவது கின்யாதுரு, பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைக்கும் சுவாஹிலி, அதற்கு அடுத்த வருடம் ஃபாரம் ஒன்றில், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், கணக்கு, அறிவியல் எல்லாமே திடீரென்று ஆங்கிலம். எங்கள் வாட்ச்மேன் மகள் ஏழாவதில் நல்ல மார்க். ஃபாரம் ஒன்றில் உயிரியல் நோட்டைக் காட்டினாள். போர்டில் இருந்ததை முத்து முத்தாக எழுதியிருக்கிறாள், ஒரு வரிக்குக்கூட அர்த்தம் தெரியவில்லை. பக்கத்து நாடான கென்யாவில் இலவசப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் இதுதான். 2019-ல் நோபல் வாங்கிய மைக்கேல் கிரெமர் குழு செய்தது. சராசரி மார்க் ஏறவில்லை, முன்பே நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் பலன். புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. இங்கே சான்சிபார் தீவில் ஐஐடி மெட்ராஸ் 2023-ல் வந்து உட்கார்ந்துவிட்டது, சந்தோஷம்தான். இந்தப் பெண் அதுவரை போக வேண்டுமே!

ஏழாம் வகுப்புத் தேர்வு செப்டம்பரில் முடியும். அதிலிருந்து ஜனவரி வரை பிள்ளைகள் சும்மா ஆடு மேய்க்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒரு ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு மதியம் ஒரு குவளை உஜிக் கஞ்சி. டவுனில் காசுள்ளவர்கள் இதைத் தனியாகப் படிக்கவைக்கிறார்கள். உங்கள் பணத்தில் எனக்குப் பிடித்த செலவு இதுதான்.

தொழில் பயிற்சிக்கு என் மில்லிலிருந்து ஒன்று. விதையை நசுக்கும் எக்ஸ்பெல்லரில் திருகு ஷாஃப்ட் ஒன்று உண்டு. விதையோடு மண்ணும் வருவதால் அதன் பற்கள் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் புண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிடும், முதலாளி முகம் கறுக்கும். முன்பெல்லாம் லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவோம். இப்போது ஏழாவது முடித்த ஒரு பையன் எங்கள் ஷெட்டிலேயே பல் வைத்து வெல்டிங் செய்து, கிரைண்டரில் தேய்த்து, விரலால் தடவியே அளவு சொல்கிறான். பக்கத்து மில்காரர்களும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். சிங்கிடாவில் அரசின் வேத்தா தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பேரை அங்கே வெல்டிங், ஃபிட்டிங் படிக்க அனுப்புங்கள். படிப்பு முடிந்ததும் சர்டிபிகேட்டோடு ஒரு டூல் பெட்டி கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். அது இல்லாமல் திரும்பினவன் மறுபடி மரத்தடிக்குத்தான் போவான்.

வெள்ளைக்கோட்டு:
செக்கடியான் அண்ணன் ஆஸ்பத்திரியைத் தொடவில்லை. நான் டோடோமா பக்கம் நர்ஸாக வேலை பார்த்தவள், சொல்கிறேன்.

கூரையில்லாத அந்தச் சுவருக்கு அங்கே மபோமா என்று பேர். நாடு முழுக்க நிற்கிறது. ஊருக்கு ஊர் ஸஹனாத்தி, அதாவது சின்ன மருத்துவ நிலையம் வேண்டும் என்று 2007-ல் அரசு திட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் கல்லும் மணலும் தண்ணீரும் சுமந்து லிண்டல் வரை எழுப்புவார்கள், மீதியை மாவட்ட கவுன்சில் முடிக்க வேண்டும். அங்கேதான் நின்றுபோகும். புதிதாக எதையும் கட்டாமல் இதை முடித்துக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் தகடு வாங்கும் முன்னால் மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள், கூரை போட்டால் ஆள் போடுவீர்களா என்று. நிலையத்தைப் பதிவு செய்யாவிட்டால் அரசு மருந்துக் கிடங்கிலிருந்து மருந்தும் வராது. அப்புறம் நர்ஸுக்கு வீடு. வீடில்லாத ஊரில் யாரும் தங்கமாட்டார்கள், பிரசவ வலியோ ராத்திரியில்தான் வரும். செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பிரசவம் பார்த்திருக்கிறேன். பிரசவக் கட்டிலுக்கு மேலே ஒரு சோலார் விளக்கும், மாற்று பேட்டரிக்கு மூன்று வருடம் கழித்து யார் காசு தருவார் என்பதற்கு ஒரு பதிலும் வையுங்கள்.

ஊரிலிருந்து சூட்கேஸில் மாத்திரை கொண்டுவராதீர்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு அலமாரியில் மிஞ்சியது அதில் தேறாது. அந்தப் பணத்துக்கு ஏழைக் குடும்பங்களுக்குக் காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுக்கலாம். ஆறு பேர் குடும்பத்துக்கு வருடம் 30,000 ஷில்லிங் என்றுதான் நான் இருந்தபோது கட்டினார்கள். 2023-ல் எல்லோருக்குமான காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது, அதனால் இன்றைய தொகையை மாவட்ட ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தார்சலாம்_கணக்கன்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. கம்ப்யூட்டர்காரர் முறைக்கிறார், சமாளித்துக்கொள்கிறேன். பணத்தை யார் கையில் கொடுப்பது? டிரைவரின் அண்ணன் நல்ல மனிதர்.

செக்கடியான்:
நல்ல மனிதர் என்பதால்தான் அவர் கையில் கொடுக்க வேண்டாம். ஊரே நாளைக்கு அவர் வாசலில் கடன் கேட்டு நிற்கும், இல்லை என்றால் திருடன் பட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராமசபை கூட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கள், கமிட்டி போடச் சொல்லுங்கள், அதில் பாதிப் பெண்கள் இருக்கட்டும். வரவு செலவை கிராம ஆபீஸ் வாசல் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். முடிந்தவரை ரொக்கம் கொடுக்காமல் கடைக்காரருக்கே எம்பெசாவில், அதாவது செல்போன் வழியாக, கட்டுங்கள், ரசீது கமிட்டிப் பேரில்.

கூரைக்கு 28 கேஜ் தகடு என்று பில் போட்டு அதைவிட மெல்லிசான 32 கேஜ் இறக்குவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, முதல் பெருங்காற்றில் தெரியும். டோடோமா வரைக்கும் இப்போது மின்சார ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். தகடு வாங்கும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், மில் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு நானும் கடைக்கு வருகிறேன்.