மெலனோமா திசு வங்கி: சிறிய கட்டியிலிருந்து எதை எடுப்பது?

கேள்வி:
வணக்கம். சில மருத்துவமனைகள் சேர்ந்து மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் ஆய்வுக்கான பொதுத் திசு வங்கி ஒன்றை நடத்துகிறோம். ஆய்வாளர்கள் உறைந்த திசுவையே கேட்கிறார்கள். ஆனால் தோலிலிருந்து அகற்றப்படும் கட்டி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருப்பதால் வங்கிக்கென எதுவும் மிஞ்சுவதில்லை. என்ன வழி?

மறுமொழி (நோயியல் மருத்துவர்):
நோயறிதலுக்கே முதலிடம். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்னும் பிரெஸ்லோ அளவைக் கொண்டே நோயின் நிலை கணிக்கப்படுவதால், அறிக்கைக்கு முன் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் ஆழமான பகுதியே கைவிட்டுப் போய், நோயாளியின் சிகிச்சை தவறான பாதையில் செல்லக்கூடும். தோலில் முதலில் தோன்றிய முதன்மைக் கட்டிக்கு, நோயறிதலுக்காகத் திசுவை மெழுகில் பதித்து வைக்கும் பாரஃபின் கட்டைகளை நம்புங்கள். உறைந்த திசுவை, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய பெரிய கட்டிகளிலிருந்து, நோயியல் மருத்துவர் பார்த்த பிறகு எடுத்து, மைனஸ் 80 டிகிரி செல்சியஸிலோ திரவ நைட்ரஜன் ஆவியிலோ வையுங்கள்.

மறுமொழி (மூலக்கூறு ஆய்வாளர்):
உடன்படுகிறேன். பாரஃபின் கட்டையில் டி.என்.ஏ. துண்டுபட்டிருந்தாலும் மெலனோமாவில் அடிக்கடி காணப்படும் பி.ராஃப் (BRAF) மரபணு மாற்றத்தைக் கண்டறிய அது போதும். கருமை மிகுந்த கட்டிகளில் மெலனின் என்னும் நிறமி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதையும் மாதிரியைப் பெறுவோரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையேல் சோதனை தோற்றால் வங்கியைக் குறைகூறுவார்கள்.

மறுமொழி (நெறிமுறைக் குழு உறுப்பினர்):
ஒப்புதல் படிவத்தில், எதிர்கால ஆய்வுக்கும் பிற நிறுவனங்களுடன் பகிர்வதற்கும் தனித்தனியாக இசைவு கேளுங்கள். கட்டையின் கடைசிச் சீவல்களை எவருக்கும் கொடுக்காதீர்கள். புதிய மருந்து வரும்போது, அது பொருந்துமா எனச் சோதிக்க நோயாளிக்கே அந்தச் சீவல்கள் தேவைப்படலாம்.