ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸில் செயலிகளைத் தனிமைப்படுத்துவது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். காரின் முகப்புத் திரைக்கான மென்பொருளை, கார்களுக்கான திறந்தமூல இயங்குதளமான ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸில் உருவாக்கி வருகிறோம். வெளியார் எழுதும் செயலிகளும் அதில் ஓடும் என்பதால்தான் கவலை. 2015-இல் ஜீப் செரோக்கி காரை ஆய்வாளர்கள் இருவர் அதன் திரை வழியாகவே தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்டினார்கள். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பாட்டுச் செயலிக்கும் பிரேக்குக்கும் நடுவே உறுதியான சுவர் வேண்டும்.

முந்தைய பதிப்புகளில் ஸ்மாக் (கெர்னலின் அணுகல் கட்டுப்பாடு), சைனாரா (அனுமதிகளைச் சரிபார்க்கும் சேவை) இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு செயலிக்கும் தனி அடையாளமும் அனுமதியும் வழங்கின. அந்தக் கட்டமைப்பு இப்போது இல்லை. எனவே சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மூலம் கட்டுப்படுத்துகிறோம். செயலி திறக்கக்கூடிய சாக்கெட் (தொடர்பு முனை) வகைகளை வரையறுத்ததால் அது நேரடியாக கேன் (வண்டியின் பாகங்களை இணைக்கும் உள் வலையமைப்பு) சாக்கெட்டைத் திறக்க முடியாது, அது நிம்மதி. ஆனால் சாதனங்களை மொத்தமாக மறைக்கும் பிரைவேட் டிவைசஸ் (PrivateDevices) என்ற சிஸ்டம்டி அமைப்பை இயக்கியதும் கிராஃபிக்ஸ் சாதனமும் மறைந்து, திரை கருத்துவிட்டது. அதை விட்டு, தேவையான சாதனத்தை மட்டும் அனுமதித்துச் சரிசெய்தோம்.

சிக்கல் இதுதான்: எங்கள் அமைப்பில் செயலிகள் எல்லாமே ஒரே பயனர் பெயரில் ஓடுகின்றன. வேகம் போன்ற தகவல்களை வண்டித் தரவை வழங்கும் குக்ஸா சேவையிடமிருந்து பெற ஒவ்வொன்றுக்கும் தனி டோக்கன் (அனுமதிச் சீட்டு) கோப்பு கொடுத்தாலும், பக்கத்துச் செயலி அந்தக் கோப்பைப் படித்துவிடலாம். செயலிக்கொரு பயனர் என்று பிரித்தால் திரையில் காட்டத் தேவையான வேலண்ட் சாக்கெட்டை அணுகும் உரிமையை எப்படிக் கொடுப்பது? அல்லது எஸ்இலினக்ஸ் (கெர்னலின் மற்றொரு அணுகல் கட்டுப்பாடு) கொள்கை எழுதுவதே மேலா? உற்பத்திக்குப் போன வண்டியில் இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள். அமைப்புக் கோப்பின் மாதிரி கிடைத்தால் பேருதவி.