ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி கேம்ல மண் ரோட்டுல கார் திரும்பவே மாட்டேங்குது, ஹெல்ப் பண்ணுங்க

மக்களே, டர்ட் ராலி 2.0ன்னு ஒரு கார் ராலி கேம் ஒன்றரை வருசமா ஆடுறேன், அதுல ஹேர்பின் (U மாதிரி திரும்புற வளைவு) வந்தா ஹேண்ட்பிரேக்க ஒரு இழு இழுத்தா போதும், பின்பக்கம் சுத்தி வந்துரும். போன மாசம் ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி போட்டேன், 2001 உலக ராலி சாம்பியன் பேர்ல 2004ல வந்த கேம், ஆனா எனக்கு இன்னைக்கும் இதுதான் நிஜத்துக்கு ரொம்ப கிட்ட, காரோட வெயிட் முன்னாடி பின்னாடி நகர்றது அப்படியே தெரியுது. மண் ரோட்டு ஸ்டேஜ்லதான் (ஸ்டேஜ்னா ராலில ஓட்டுற ஒரு பாதை) என் சுபாரு இம்ப்ரெசா கார் நேரா காட்டுக்குள்ள போயிடுது. தார் ரோட்டுல ஓகே.

ஆக்சிலரேட்டர விடாம இடது கால்ல பிரேக்க லேசா மிதிச்சா முன் டயருக்கு வெயிட் வந்து மூக்கு உள்ள திரும்பும்னு தெரியும், செஞ்சும் பாத்துட்டேன், வேகம்தான் குறையுது. நான் லேட்டா மிதிக்கிறேனா இல்ல சென்டர் டிஃபரென்ஷியல (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர பிரிக்கிற பாகம்) லூசா வைக்கணுமா? ஸ்டீயரிங் வீல் மொத்தம் சுத்துற அளவு 900 டிகிரில இருக்கு, 540க்கு குறைக்கவா? ஸ்காண்டிநேவியன் ஃபிளிக் (முதல்ல எதிர்ப்பக்கம் ஒடிச்சுட்டு உடனே வளைவுக்குள்ள திருப்புறது) வளைவுக்கு எவ்ளோ முன்னாடி ஆரம்பிக்கிறீங்க? ஹேண்ட்பிரேக் தொடாம ஒரு ஸ்டேஜாவது சுத்தமா முடிக்கணும்னு அவ்ளோ ஆசை. மண் ரோட்டுக்கு செட்டப் ஃபைல் (காரோட செட்டிங்ஸ் சேவ் பண்ண ஃபைல்) வச்சிருக்கவங்க அனுப்புங்க ப்ளீஸ்.